ஒரு தொட்டிக்குத்தான் இடம்: நாட்டுச் செம்பருத்தியா, ஹைபிரிடா, ரோசெல்லா?

மாடியிலோ பால்கனியிலோ ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது, அதில் செம்பருத்தி வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். தலைக்குத் தேய்க்கலாம், டீ போடலாம், சாமிக்குப் பூ பறிக்கலாம் என்றெல்லாம் யோசித்திருப்பீர்கள். சரி, எந்தச் செம்பருத்தி? வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் எதிர்பார்க்கும் பயன்கள் எல்லாம் ஒரே செடியில் கிடைப்பதில்லை. சில பயன்கள் ஒரு செடியின் இலையில் இருக்கின்றன, சில இன்னொரு செடியின் பூவடியில் இருக்கின்றன, சில வெறும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகின்றன.

இன்று செம்பருத்தி என்ற பெயரில் நம் கைக்கு வருபவை மூன்று. முதலாவது, பழைய வீடுகளின் கிணற்றடியிலும் கோயில் நந்தவனங்களிலும் நிற்கிற நாட்டுச் செம்பருத்தி. ஐந்து இதழ், நல்ல சிவப்பு, நடுவில் நீண்டு வெளியே நிற்கும் மகரந்தத் தண்டு. இலங்கையில் செவ்வரத்தை என்பார்கள். மலேசியா 1960-ல் தேசிய மலராக அறிவித்த புங்கா ராயாவும் இதே பூதான். தாவரவியலில் இதற்கு ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று பெயர். பல இதழ்களோடு உருண்டையாகப் பூக்கும் அடுக்குச் செம்பருத்தியும் இதே இனம்தான்.

இரண்டாவது, நர்சரிகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஹைபிரிட். மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, ஒரே பூவில் இரண்டு மூன்று நிறம், உள்ளங்கையை மறைக்கும் அளவுக்குப் பெரிய பூ. இதன் பெற்றோர்களில் நாட்டுச் செம்பருத்தியும் உண்டு.

மூன்றாவது ரோசெல். ஹிபிஸ்கஸ் சப்டாரிஃபா என்ற வேறொரு இனம், பூர்வீகம் ஆப்பிரிக்கா. நம் ஊரில் புளிச்சக்கீரை என்றும் ஆந்திராவில் கோங்குரா என்றும் சமையலறைக்கு வருவது இந்தக் குடும்பம்தான். பூ வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும், பார்ப்பதற்குப் பெரிய அழகு என்று சொல்ல முடியாது. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றாக, கருஞ்சிவப்பாகத் தடித்து வளரும் புல்லிதழ்தான் இதன் சொத்து. உலகம் முழுக்க ஹிபிஸ்கஸ் டீ என்று குடிப்பது இந்தப் புல்லிதழைக் காயவைத்துப் போட்ட டீயைத்தான். எகிப்திலும் சூடானிலும் கர்கடே, செனகலில் பிஸ்ஸாப், மெக்சிகோவில் ஹமாய்க்கா என்று இதற்குப் பல பெயர்கள்.

தலைமுடிக்கு

செம்பருத்தி வாங்குகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் தலைமுடிக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தலைமுடிக்கு என்றதும் எல்லோரும் பூவைத் தேடுகிறார்கள். உண்மையில் தேட வேண்டியது இலையை. நாட்டுச் செம்பருத்தி இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் வெண்டைக்காய்போல வழவழவென்று ஒரு பசை வரும். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்பதால் இதில் வியப்பில்லை. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் இதைத் தாளி என்று சொல்லி, எண்ணெய் தேய்த்த தலையை அலசப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பசை முடியிழையின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. இழைகளுக்கு இடையே உரசல் குறைகிறது, சிக்கு எளிதில் பிரிகிறது, சீப்பு இழுக்கும்போது முடி அறுபடுவது குறைகிறது. 'செம்பருத்தி தேய்த்தேன், முடி கொட்டுவது நின்றுவிட்டது' என்று பலர் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. வேரோடு விழுகிற முடி வேறு, பாதியில் அறுந்து விழுகிற முடி வேறு. தாளி இரண்டாவதற்கு நன்றாகவே உதவும்.

முதல் வகை முடி உதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிரசவம், கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, இதற்கெல்லாம் இலை பதில் சொல்லாது. ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுதான் வழி.

முடி வளர்ச்சியைப் பற்றி ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டுச் செம்பருத்தியின் இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் எலிகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இலைச் சாறுதான் பூச்சாற்றைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது கரைப்பான் கொண்டு ஆய்வகத்தில் பிரித்தெடுத்த சாறு. நாம் கையால் கசக்கும் இலைக்கும் மனிதத் தலைக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. எனக்கு அதில் பிடித்தது அந்த ஒரு வரி மட்டும்தான்: பூவைவிட இலை.

ஹைபிரிட் செடி இந்த இடத்தில்தான் தோற்கிறது. அதைப் பூவின் அளவுக்காகவும் நிறத்துக்காகவும் உருவாக்கியிருக்கிறார்கள். பல ரகங்களில் வளர்ச்சி மெதுவாக இருக்கும், கிளையும் குறைவு. வாரத்துக்கு ஒரு கைப்பிடி இலை பறித்தால் செடி மொட்டையாகிவிடும். நாட்டுச் செடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். ரோசெல் இலை புளிப்பு, அதைத் தலைக்கு வைப்பதைவிட அடுப்பில் வைப்பது புத்திசாலித்தனம்.

தாளி செய்வது மிகவும் சுலபம். முற்றாத இலை பத்துப் பதினைந்து எடுத்துக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, கையால் கசக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் தேய்த்தால் இலைத் துணுக்கு முடியில் ஒட்டிக்கொண்டு அன்று முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கும். மிக்ஸியில் அரைப்பவர்கள் இந்தத் தொல்லையால்தான் இரண்டாவது முறை செய்வதில்லை. தாளி அழுக்கையும் எண்ணெயையும் ஓரளவுதான் எடுக்கும். நிறைய எண்ணெய் வைப்பவர்கள் சீயக்காயோடு கலந்துகொள்ளலாம். சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் அதிக நேரம் ஊறவிடாமல் பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும்.

எண்ணெய் காய்ச்சலாமா, பொடி வாங்கலாமா என்ற கேள்விகளும் வரும். பசை நீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. பூவின் சிவப்பு நிறமியும் அப்படியே. அதனால் செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் அதில் செம்பருத்தியின் பங்கு சிறியது. கடையில் விற்கும் செம்பருத்தி எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு வேம்பாளம்பட்டையிலிருந்தோ செயற்கை நிறத்திலிருந்தோ வந்திருக்கும். வீட்டில் காய்ச்சுவதாக இருந்தால் சடசடப்பு முழுக்க அடங்கும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் சிக்கு வாடை பிடித்துவிடும். பொடி, செடி வைக்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று, அவ்வளவுதான். காய்ந்த இலைப்பொடியை ஊறவைத்தால் வழவழப்பு கொஞ்சம் திரும்பி வரும், புது இலை அளவுக்கு வராது. நரைமுடி கறுக்கும் என்பதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பூவின் நிறமி ஒரு அலசலுக்குத் தாங்காது.

குடிப்பதற்கு

இங்கேதான் குழப்பம் அதிகம். 'செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்' என்று படித்துவிட்டுத் தோட்டத்துச் சிவப்புப் பூவைப் பறித்து வெந்நீரில் போடுபவர்கள் ஏராளம். அந்த ஆய்வுகளில் பேர்பெற்றவை ரோசெல்லை வைத்துச் செய்தவை. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டிலோ சற்று மேலேயோ இருந்த 65 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் தினமும் மூன்று கோப்பை ரோசெல் டீ ஆறு வாரம் குடித்தார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வெறும் சுவையும் நிறமும் சேர்த்த நீரைக் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான் குறைந்தது. உப்பைக் குறைப்பதோடு சேர்த்துச் செய்ய இது நல்ல துணை. மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணமாகாது.

நாட்டுச் செம்பருத்திப் பூவுக்கு அந்த அளவு சான்று இல்லை. அதற்காகக் குடிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காம்பு, பச்சைப் புல்லி, மகரந்தத் தண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதழ்களை மட்டும் வெந்நீரில் போட்டால் நீர் ஊதாச் சாயல் எடுக்கும். அதில் எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவக்கும். பள்ளியில் அமிலத்தையும் காரத்தையும் கண்டுபிடிக்கச் செம்பருத்திச் சாறு பயன்படுத்திய அதே வேதியியல்தான். குழந்தைகளுக்கு முன்னால் இதைச் செய்து காட்டுங்கள், கோலாவைக் கேட்பது ஒரு நாளாவது குறையும். சுவை என்று பார்த்தால் இதழுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, எலுமிச்சையும் தேனும்தான் வேலை செய்கின்றன. ரோசெல் அப்படியல்ல. அதில் இயற்கையாகவே அமிலங்கள் இருப்பதால் எலுமிச்சையே வேண்டாம், தனியாக நல்ல புளிப்பு. ஆனால் சர்க்கரையைக் கொட்டி சிரப் ஆக்கிவிட்டால் ரத்த அழுத்தத்துக்காகக் குடிக்கிறோம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை.

கடையில் பொட்டலம் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தடித்த, சுருங்கிய, கருஞ்சிவப்புத் துண்டுகள், வாயில் போட்டால் புளிப்பு என்றால் அது ரோசெல். காகிதம்போல மெல்லிய இதழ்கள், புளிப்பில்லை என்றால் நாட்டுச் செம்பருத்தி. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். உறையில் இருக்கும் மருத்துவப் பலன் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

'சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும்' என்பதும் பரவலான நம்பிக்கை. பூவின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. பூவின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, இரும்பால் அல்ல. ரத்தசோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இந்த டீயை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

ஹைபிரிட் பூவைக் குடிக்கவோ தின்னவோ வேண்டாம் என்பது என் கருத்து. பூவில் குறை ஒன்றும் இல்லை. நர்சரியில் விற்பனைக்குப் பளபளவென்று வைத்திருக்கப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதில் செடிக்குள் ஊடுருவி நிற்கும் மருந்துகளும் உண்டு. நாட்டுச் செடியையே நர்சரியில் வாங்கினாலும் முதல் சில மாதம் வரும் பூவைச் சாமிக்கு வைத்துவிட்டு, அதன் பிறகு புதிதாக வளர்ந்த கிளையிலிருந்து பறிப்பது நல்லது. சாலையோரச் செடியின் பூவுக்கும் இதே எச்சரிக்கை, அங்கே தூசும் புகையும் வேறு.

யார் தவிர்க்க வேண்டும்

கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்பவர்கள் இரண்டு செடியின் டீயையும் தவிர்க்க வேண்டும். நாட்டுச் செம்பருத்திப் பூச்சாறு கரு பதிவதைத் தடுப்பதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. நாட்டு வைத்தியத்தில் பெரும்பாடு (மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு), வெள்ளைப்படுதல் இவற்றுக்குப் பூவையும் மொட்டையும் நெய்யில் வதக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சித்த மருத்துவரிடம் நேரில் காட்டி எடுப்பவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் மாதவிடாய் ஒரு வாரத்தைத் தாண்டிப் போனால், கட்டி கட்டியாகப் போனால், முதலில் ஸ்கேன் எடுத்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பைக் கட்டியை மொட்டு கரைக்காது.

ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் ரோசெல் டீயைத் தினப்பழக்கம் ஆக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்து அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். ஏற்கெனவே அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு வேண்டாம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. புளிச்சக்கீரையில் ஆக்சலேட் இருப்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தலைக்குத் தேய்க்கும் தாளியில் இந்தக் கவலைகள் இல்லை. யாருக்காவது தோல் அரிக்கலாம், முதல் முறை காதின் பின்புறம் தடவிப் பார்த்துவிட்டால் போதும்.

வளர்ப்பதில் யார் எளிது

சாமிப் பூவுக்கு நாட்டுச் செம்பருத்திக்குப் போட்டியே இல்லை. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் நாம் வைப்பதும், வங்காளத்தில் காளிக்குச் சாற்றுவதும் இந்தச் சிவப்புதான். பறித்த பூவைத் தண்ணீரில் வைக்காவிட்டாலும் மாலைவரை வாடாது. மணம் இல்லை, கட்டுவதற்கும் வராது, ஆனால் நல்ல வெயிலில் நின்றால் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்கப் பூக்கும். தேன்சிட்டு தேடி வருவதும் பெரும்பாலும் இந்தச் செடிக்குத்தான்.

மூன்றுக்கும் தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அது இல்லாத பால்கனியில் எந்தச் செம்பருத்தி வைத்தாலும் இலைதான் மிஞ்சும். தலைக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் அதுவும் பரவாயில்லை.

மூன்றுக்கும் பொது எதிரி மாவுப்பூச்சி. நுனியில் வெள்ளை மாவு பூசியதுபோல வந்து துளிரைச் சுருட்டிவிடும். 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி நுழைந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு செம்பருத்தியையும் பாடாய்ப் படுத்தியது பலருக்கு நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அடங்காமல், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. வீட்டுத் தொட்டியில் வருவதற்கு முதல் வேலை, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது. அப்புறம் வேப்பெண்ணெயையும் கொஞ்சம் காதி சோப்பையும் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது. எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வது, ஏனென்றால் எறும்புதான் அந்தப் பூச்சியைச் செடிவிட்டுச் செடி தூக்கிக்கொண்டு போகும். நாட்டுச் செடி தாக்கப்பட்டாலும் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஹைபிரிட் ஒரு தடவை படுத்தால் எழுந்திருப்பது சந்தேகம். தண்ணீர் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தாலே மொட்டு உதிர்க்கும் செடி அது. விலையும் நாட்டுச் செடியைப்போலப் பல மடங்கு.

ரோசெல் ஓராண்டுச் செடி. ஆடியில் விதைத்தால் பகல் நேரம் குறையும் ஐப்பசியில்தான் பூக்கத் தொடங்கும், புல்லிதழ் பறிக்கக் கார்த்திகை ஆகிவிடும். அதோடு அதன் வாழ்வு முடிந்தது. ஆனால் அதுவரை நான்கு மாதம் கீரை கொடுக்கும். கொங்குப் பக்கம் கம்பஞ்சோற்றுக்கு இந்தக் கீரையைக் கடைந்து வைத்தால் வேறு குழம்பு தேவைப்படாது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: கீரைக்கட்டில் வரும் புளிச்சை எல்லாம் ரோசெல் கிடையாது. நாருக்காக வளர்க்கும் கெனாஃப் செடியின் இலையும் அதே பெயரில் விற்கிறது, அதில் சதைப்பற்றான சிவப்புப் புல்லிதழ் வராது. டீக்கு வேண்டும் என்றால் விதை வாங்கும்போதே சிவப்பு ரோசெல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, என்ன வாங்குவது

தலைக்கும் சாமிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐந்திதழ் நாட்டுச் செம்பருத்தி. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டில் ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருப்பவர் ஒருவர் இருந்து, டீக்காகவே செம்பருத்தி யோசித்தீர்கள் என்றால் ரோசெல் வையுங்கள். தொட்டி வைக்க நேரம் இல்லையென்றால் காய்ந்த ரோசெல்லைக் கடையில் வாங்கினாலும் அதே பலன்தான். நாட்டுச் செம்பருத்தி இலையை அப்படிக் கடையில் புதிதாக வாங்க முடியாது, செடி இருந்தால்தான் உண்டு. எனக்கு நாட்டுச் செடியின் பக்கம் தராசு சாய்வதற்கு இது முக்கியமான காரணம். ஹைபிரிட், கண்ணுக்கு மட்டும். காலையில் ஒரு பெரிய மஞ்சள் பூவைப் பார்த்தால் மனசு நிறைகிறது என்றால் அதுவும் நல்ல காரணம்தான். அதிலிருந்து மருந்தை எதிர்பார்க்காமல் வாங்குங்கள்.

நாட்டுச் செம்பருத்திக்கு நர்சரியே போக வேண்டியதில்லை. தெருவில் யார் வீட்டிலாவது நிற்கும். கேட்டால் மறுக்க மாட்டார்கள். பென்சில் பருமனில் முற்றிய கிளையாக ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, செம்மண்ணும் மணலும் கலந்த பையில் நட்டு நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். இரண்டு மூன்று குச்சியாக நட்டு வையுங்கள், ஒன்று பட்டுப்போனாலும் இன்னொன்று வரும். துளிர் நன்றாக ஓடியதும் பதினான்கு இஞ்ச் தொட்டிக்கோ பழைய இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுக்கோ மாற்றி, மாதம் ஒரு கை தொழுவுரம் போடுங்கள். புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய வேண்டும், கோடையின் உச்சத்தில் மட்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.